பத்து இடத்தில் ‘இல்லை’

விதி இதுதான்: ‘மூச்சிளைப்பு, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இவற்றுள் ஒன்றேனும் உள்ளவர், மருத்துவரின் கையொப்பமிட்ட சான்று இல்லாமல் கடலடியில் இறங்கலாகாது.’

எனக்கு முதல் இரண்டும் உண்டு. படிவத்தின் பத்துக் கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இறங்கினேன். பிறகு, என்னை உயிரோடு மேலே கொண்டுவந்த மனிதர்மீது புகார் எழுதினேன். அவருக்கு வேலை போயிற்று.

செய்தது நான். தெரிந்தே செய்தேன்.

தென்காசியில், வருவாய்த் துறையில், முப்பத்து நான்கு ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கையெழுத்து விடுபட்டதற்காகக் கடையம் ஊர் விவசாயி ஒருவரை மூன்று முறை திருப்பி அனுப்பியவன். சான்று இணைக்காத மனு என் மேசையைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவனுக்குத் தன் சொந்த மனுவில் மட்டும் எப்படிக் கை கூசாமல் போயிற்று? நீங்கள் கேட்குமுன் நானே கேட்டுவிட்டேன்.

திமிங்கலச் சுறாவைப் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. மீன்களிலெல்லாம் பெரியது; ஆனாலும் யாரையும் கடிக்காது. ஏற்கெனவே இரண்டு முறை, இரண்டு கடற்கரைகளில், மேலே மிதந்தபடியே பவளப்பாறையும் பெரிய மீனும் காட்டுகிறோம் என்றவர்களை நம்பிப் போனேன். முதல் இடத்தில் கலங்கல். என் கையே எனக்குத் தெரியவில்லை. அடுத்த இடத்தில் பாறையெல்லாம் வெளுத்துச் செத்துக் கிடந்தது, இடித்துப்போட்ட சுவர்போல. அதற்கு ஒரு சான்றிதழ் வேறு தந்தார்கள்!

மூன்றாவது முறை இலட்சத்தீவு. கொச்சியில் கப்பல் ஏறினோம், நானும் மனைவி கோமதியும். எங்களை அழைத்துப்போன கடலடிச் சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரத் தாளில் அட்டை முழுக்கத் திமிங்கலச் சுறா. ஏமாற்றுக்காரர்கள்! அந்த மீன் அவர்கள் வீட்டு மாடா, கூப்பிட்டதும் வந்து நிற்க?

படிவத்தை நிரப்பும்போது கோமதி எட்டிப் பார்த்தாள்.

“மூச்சிளைப்பு இல்லன்னு எழுதியிருக்கிய?”

“அது சாரல் காலத்துல மட்டுந்தான். இங்கன எங்க சாரல் அடிக்கு?”

“பைக்குள்ள மருந்து எதுக்கு இருக்காம்?”

“ஏட்டி, சத்தம் போடாத.”

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் சூசை. நாற்பது வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். நான் தென்காசி என்றதும் முகம் மலர்ந்து ‘அண்ணாச்சி’ என்று ஒட்டிக்கொண்டார். இறங்குவதற்கு முன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“அண்ணாச்சி, என்ன ஆனாலும் மூச்ச மட்டும் அடக்கிராதிய. இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும்.”

“நான் குத்தால அருவியில வளந்தவன்வே. எனக்குத் தண்ணியப் பத்திப் பாடம் எடுக்கீரா?”

“அருவி வேற, இது வேற அண்ணாச்சி.”

அருவி வேறுதான்! அருவி தலையில் இடிக்கும்போது நாங்கள் மூச்சை நெஞ்சுக்குள் பூட்டிக்கொள்வோம். தாங்க முடியாதபோது தலையைப் பக்கவாட்டில் நீட்டி ஒரு வாய் காற்றை அள்ளிக்கொண்டு மறுபடி உள்ளே போவோம். யாரும் சொல்லித் தருவதில்லை, உடம்பே கற்றுக்கொள்ளும். அறுபது ஆண்டுப் பழக்கம்.

பத்து மீட்டர் ஆழத்தில் என் உடம்பு அதையேதான் செய்தது. காதுக்குள் தண்ணீர் இரைந்ததும் மூச்சைப் பூட்டினேன். நெஞ்சு இறுகியது. இளைப்பு வந்தது. தாங்கவில்லை... வாயிலிருந்த காற்றுக்குழாயைத் துப்பினேன். தலையைப் பக்கவாட்டில் நீட்டினேன், காற்று வாங்க!

கடலில் ஏது பக்கம்?

சூசை என் தோளைப் பிடித்தார். குழாயை என் வாயில் திணித்து விரலால் அழுத்தினார். நான் அவரை அடித்தேன். அவருடைய முகக் கண்ணாடியைப் பிய்த்தேன். அவர் விடவில்லை. ஒரே மூச்சில் மேலே இழுத்திருந்தால் என் நுரையீரல் கிழிந்திருக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவர் நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, என்னை மேலே கொண்டுவந்தார். நான் கண்ணை இறுக மூடியிருந்தேன்.

படகில் ஏற்றிப் போட்டதும் பைக்குள் கையை விட்டு மருந்தை எடுத்து உறிஞ்சினேன். சூசை பார்த்தார்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?”

நான் மருந்தை மறுபடி பைக்குள் திணித்தேன்.

“சரி, விடுங்க. நான் நிகழ்ச்சி ஏட்டுல எழுதல. எழுதினா இனி உங்கள எங்கயும் இறக்க மாட்டாவ.”

அப்போதுதான், மிதவைச் சட்டையும் முகக் கண்ணாடியுமாக மேலே மிதந்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்த கோமதி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“பாத்தியளா? உங்க காலுக்கு நேர் கீழதாங்க போச்சு! முதுகு பூரா வெள்ளப் புள்ளி, சுண்ணாம்பு தெளிச்ச மாரி! செங்கோட்ட பஸ்ஸு நீளம்!”

என் காலுக்கு நேர் கீழே... நான் கண்ணை மூடியிருந்த நேரத்தில்!

சினம் எங்கே போக வேண்டும்? என்மீதுதானே? போகவில்லை. ஊர் திரும்பிய மறுநாளே நிறுவனத்துக்குப் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. சுற்றுலாத் துறைக்கு நகல். ‘ஒப்பந்தப்படி நாற்பது நிமிடம். வழிகாட்டி தக்க காரணமின்றிப் பன்னிரண்டாம் நிமிடமே என்னைப் பலவந்தமாக மேலே இழுத்தார்.’ அழகான நடை. ஒரு பிழை இல்லை. ஒரு மாதத்தில் நினைவூட்டு ஒன்று, அடுத்த மாதம் நினைவூட்டு இரண்டு.

பங்குனியில் சூசையே தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணாச்சி, விசாரணைன்னு வேலைக்கு வர வேண்டாம்னுட்டாவ. நீங்க மருந்து இழுத்தத நான் சொன்னா, ஏட்டுல அது எங்க இருக்குன்னு கேக்காவ. நீங்க ஒரு வரி எழுதித் தந்தா போதும். ஒரே ஒரு வரி.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“விசாரணை நிலுவையில இருக்கும்போது புகார்தாரர் எதிர்த்தரப்போட பேசப்படாது.”

“சரி அண்ணாச்சி. உடம்பப் பாத்துக்கோங்க” என்று வைத்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொண்டேன். நன்றாகவே பார்த்துக்கொண்டேன்!

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஊருக்குள் நான் திமிங்கலச் சுறாவைப் பார்த்தவனாகிவிட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்: இதே மீன் வரும் குஜராத் கடற்கரைக்கு எந்தப் பருவத்தில் போகலாம், இலட்சத்தீவுக்கு அனுமதி எப்படி வாங்கலாம், எந்த அலுவலகம், எந்தப் படிவம்... படிவம்!

ஆனி மாதம் சாரல் தொடங்கி, ஐந்தருவியில் குளித்துவிட்டு ஒரு கடையில் சூடாகப் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். இலத்தூரிலிருந்து வந்திருந்த என் பழைய சகா கேட்டார்.

“அண்ணாச்சி, நீங்கதான நேர்ல பாத்தது. எப்படித்தான் இருக்கும்?”

“முதுகு பூரா வெள்ளப் புள்ளிவே. சுண்ணாம்பு தெளிச்ச மாரி. செங்கோட்ட பஸ்ஸு நீளம்...”

கோமதி பஜ்ஜியைக் கீழே வைத்தாள்.

“அவுக பாக்கல. கண்ண மூடிக்கிட்டு இருந்தாவ. பாத்தது நான். இவுகள உசுரோட தூக்கிட்டு வந்தவரு வேலையில்லாம இருக்காரு.”

அருவி இரைச்சலிலும் அது எல்லோருக்கும் கேட்டது. சகா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். “அந்த ஒரு வரிய எழுதுங்க, நான் தபாலாபீசுக்குக் கொண்டு போறேன்” என்றாள் கோமதி.

எழுதினேன். ‘எனக்கு மூச்சிளைப்பு உண்டு. படிவத்தில் மறைத்தேன். வழிகாட்டி என் உயிரைக் காத்தார். புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.’ ஒரு வரி கேட்டார், நான்கு எழுதினேன். மூன்று மாதம் தாமதமாக.

பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று. நினைவூட்டு இரண்டு. சூசையின் எண்ணை அழைத்தால், அப்படி ஓர் எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல். அந்தக் கடற்கரை ஊரின் பெயரை அவர் சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை.

கடைசியில் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. ஒரே தாள். ‘தங்கள் புகாரின்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டு, வழிகாட்டி பணிநீக்கம் செய்யப்பட்டு, கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது. முடித்த கோப்பை மீளத் திறக்க விதிகளில் இடமில்லை.’ இதே வாசகத்தை எத்தனை பேருக்கு நான் எழுதியிருப்பேன்!

கூடவே ஓர் இணைப்பு: சூசையின் விளக்கக் கடிதத்தின் நகல். கோணல் எழுத்தில், ‘அவருக்கு இளைப்பு இருந்தது, மருந்து எடுத்ததைப் பார்த்தேன்’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே யாரோ ஓர் அதிகாரியின் குறிப்பு: ‘வாடிக்கையாளர் கையொப்பமிட்ட படிவத்துக்கு மாறானது. ஏற்க இயலாது.’

கோமதி வாங்கிப் படித்தாள். மடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் பேனாவை எடுத்து, முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கத்தில், தாளின் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்.

அக்டோபர் ஏழு, செவ்வாய்க்கிழமை.