இரண்டு பாதைகள் சேருமிடம்

ஊரப்பாக்கத்திலிருந்து வந்த பஸ் டிக்கெட்டைக் கலீல் தூக்கி எறியமாட்டான். மேசையில் உட்கார்ந்ததும் விரலை நாக்கில் தொட்டு, டிக்கெட்டை மிளகளவுக்கு உருட்டுவான். அச்சடித்த வரைபடத்தை விரித்து, தொடக்க வட்டத்தில் உருண்டையை வைத்து, அம்புக்குறி போகும் வழியே சுண்டுவிரல் நகத்தால் தள்ளிக்கொண்டு போவான். பாதை இரண்டாகப் பிரிந்தால் உருண்டையையும் கிள்ளி இரண்டாக்குவான். எங்கேயாவது மேலே போக வழியில்லாமல் நின்றுவிட்டால், அங்கே தப்பு.

அதுதான் அவன் வேலை. தாம்பரத்தில் செருப்புக்கடை மாடியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. 2006. ஒருவர் இறந்தபின் அவர் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் பணம் போக, எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் படம் அது.

"என்ன கலீல், இன்னிக்கும் கோலி ஆட்டமா?" என்றாள் பக்கத்து மேசை சுப்ரஜா.

"மாட்டிக்கிச்சு."

சில சாவுகளுக்கு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் போதும். சிலவற்றுக்குப் போலீஸ் ரிப்போர்ட். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இறந்தால் இரண்டும் வேண்டும். ஆனால் பாதைகள் சேருமிடத்தில் படம் எப்போதும் இரண்டுக்கும் காத்திருந்தது. காய்ச்சலில் போனவர் குடும்பம், வரவே வராத போலீஸ் ரிப்போர்ட்டுக்காகக் காலமெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

டீம் லீடர் ஸ்ரீரங்கன் எட்டிப் பார்த்தார். "சரியாத்தான்ப்பா புடிச்சிருக்கே. எது வந்தாலும் மேலே போகட்டும்னு மாத்திடு. சிம்பிள்."

கலீல் மாற்றினான். நின்றிருந்த உருண்டை நகர்ந்தது. பழக்கதோஷத்தில், இரண்டு ரிப்போர்ட்டும் வரும் சாவையும் ஒருமுறை தள்ளிப் பார்த்தான். முதல் உருண்டை காத்திராமல் கடந்துபோனது. பின்னாலேயே இரண்டாவதும் போனது. அடுத்த படி, குடும்பத்துக்கு அனுதாபக் கடிதம்.

"சார், இப்ப ரெண்டு தடவை போகுது."

"பணமா?"

"பணம் ரெண்டு தடவை போகாது. அக்கவுண்ட்ஸ்ல ஒரு தடவைதான் விடுவாங்க. லெட்டர்தான் போகுது."

"லெட்டர்தானே! போஸ்ட்மேன் ஒரு நடை கூட நடக்கட்டும். வெள்ளிக்கிழமை குடுத்தாகணும்ப்பா. அன்னிக்கேதான் உன் பர்மனன்ட் விஷயமும் மேலே பேசப்போறேன். குட்டையைக் குழப்பாதே."

ரமலானில் அத்தா இறந்துபோனதிலிருந்து வீடு அவன் சம்பளத்தில்தான் ஓடியது. அவன் வேலை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்காகப் பயந்தான் என்று சொல்ல முடியாது. பயப்படக்கூட உள்ளே எதுவும் எழவில்லை. அத்தாவின் மய்யத்தை அடக்கம் செய்ய வந்தவர்கள் கையைப் பிடித்தபோதும் இப்படித்தான், யாருடைய கையையோ யாரோ பிடித்ததுபோல் இருந்தது. 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் பெயரை எழுதினான்.

"பிரியாணி எப்போ?" என்றாள் சுப்ரஜா, அடுத்த வாரம் அவன் பர்மனன்ட் ஆனதும். வாங்கிக் கொடுத்தான். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவனும் சொன்னான்.

இரண்டு வருஷம் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷனில் எட்மண்டைப் பார்த்தான். அந்தப் படத்தை வாங்கிய இன்சூரன்ஸ் கம்பெனியில் போன் எடுக்கும் பிரிவில் இருந்தவன்.

"கறுப்பு பார்டர் போட்ட கவர் மச்சான், சில வூடுங்களுக்கு ரெண்டு ரெண்டா போச்சு. போன் மேல போன் போட்டு பேஜார் பண்ணிட்டாங்க. முடிச்சூர்ல ஒரு அம்மா. புருஷன் செத்ததுக்கு ஒண்ணு வந்தாச்சு, அடுத்த வாரமே இன்னொண்ணு. புள்ள வெளியூர்ல லாரி ஓட்டிகினு இருந்தானாம்."

அந்த அம்மா இரண்டாவது கவரைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே போன் செய்திருக்கிறார். உள்ளே யார் பேர் இருக்கிறது என்று எட்மண்டையே சொல்லச் சொன்னாராம்.