தருவைகுளத்தில் வான்கோழி வேட்டை

ஐப்பசி மாதம். தருவைகுளத்துக்கு வெளியே, உடைமரக் காட்டில் என்ஜினீயர் நண்பரோடு பதுங்கியிருக்கிறேன். அமெரிக்கர்கள் இலையுதிர்காலத்தில் காட்டு வான்கோழி சுடுவதைப் பற்றி ஏதோ பத்திரிகையில் படித்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. இங்கே உடைமரம் இலையை உதிர்ப்பதாக இல்லை. ஆனாலும் பச்சைத் தொப்பி, இரட்டைக்குழல் துப்பாக்கி, பெட்டைபோல் கூவ ஓர் ஊதல் என்று எல்லாம் வைத்திருக்கிறார்.

ஊதுகிறார். புதருக்குள்ளிருந்து பதில் குரல் வருகிறது. பெரிய சேவல் வான்கோழி ஒன்று வாலை விரித்துக்கொண்டு நேராக எங்களிடம் நடந்து வருகிறது. நண்பர் துப்பாக்கியைத் தூக்குகிறார்.

"ஏலே, எவம்ல அது? துப்பாக்கியக் கீழ போடு!"

கையில் கம்போடு ஓடிவந்த ஒரு பெண் சேவலை மறித்து நிற்கிறாள்.

"இது காட்டு வான்கோழிம்மா" என்கிறார் நண்பர், அதிகாரக் குரலில்.

"காட்டுலதான் மேயுது. கிறிஸ்மஸுக்கு எம்மவன் கப்பல்லருந்து வாரான், அவனுக்குன்னு வளக்குதேன்."

நண்பர் துப்பாக்கியைத் தாழ்த்துகிறார். அவள் பார்வை ஊதலில் நிற்கிறது.

"இன்னொரு சேவல நேத்துலருந்து காணல சார். இத ஊதிக்கிட்டே எங்கூட வாங்க."

துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு, பெட்டைக்குரலில் கூவியபடி நண்பர் முள்ளுக்குள் அவள் பின்னால் போகிறார். அவரைப் பிரிய மனமில்லாமல் பெரிய சேவலும் கூடவே போகிறது.