அடித்தவரே நீந்த வேண்டும்

மழையில் ஆடி வந்த பந்துக்கு ஒரு மணம் உண்டு. பந்தாடியவர்களுக்கு அது தெரியும். ஆடாதவர்களுக்கு நான் எவ்வளவு சொன்னாலும் மூக்கில் ஏறாது. போன கிழமை தவராசாவின் வீட்டு விறாந்தையில் அந்த மணம் என்னைக் கழுத்தில் பிடித்து முப்பது வருடம் பின்னால் இழுத்துப்போனது.

தவராசா, எங்களுக்குத் தவம், என் பள்ளிக்கூடத் தோழன். எங்கள் ஊர் அணியின் கோல்கீப்பராக இருந்தவன். இப்போது இரண்டு முழங்காலுக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு கதிரையில் இருந்தபடியே உலகத்துப் பந்தையெல்லாம் பிடிக்கிறவன். அவன் மகள் டிலானி அன்று காலைதான் கொழும்பிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். தேசியப் பெண்கள் அணிக்கு ஆள் தெரிவு செய்தார்கள். இவளும் போய் மழையில் ஆடிவிட்டு, நனைந்த பந்தையும் சப்பாத்தையும் பையோடு மூலையில் எறிந்துவிட்டு, சுவரோடு சாய்ந்து இருந்தாள். தொலைக்காட்சியில் ஏதோ பழைய ஆட்டம். மஞ்சள் சட்டை பிரேசில்காரர்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

“என்னவாம் சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“உதை இரிக்காம், ஓட்டம் இரிக்காம். பந்து மட்டும் நிலத்துல நிக்குதில்லயாம் மாமா. மூணு மாசத்தால திருப்பி வரட்டாம். அதான் கடைசியாம்.”

“மஞ்சச் சட்டைக்கே இண்டைக்கு நிக்குதில்ல. உன்னய அவனுகள் கூப்பிடுவானுகள், இரு” என்றான் தவம்.

அவள் சிரிக்கவில்லை. “உங்கட காலத்துல நம்மட ஊர்ல பந்து நிலத்துலயே ஓடினதாமே. ஊரெல்லாம் சொல்லுது. மறுகா அது எங்கதான் போன?”

அவன் என்னைப் பார்த்தான். நான் தட்டிலிருந்த முறுக்கைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாய் நிறைய முறுக்கை வைத்துக்கொண்டால் சொல்லத் தேவையில்லை என்பது என் கணக்கு.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூருக்குப் போகும் வழியில். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அறுவடை முடிந்து சூடடித்து நெல் வீட்டுக்குப் போனதும், ஆற்றோரத்து வட்டை, அதாவது அந்த வயல்வெளி முழுவதும், அடுத்த விதைப்பு வரைக்கும் எங்களுக்குச் சொந்தம். அறுத்து மிஞ்சிய ஒட்டுத்தாள் காலில் குத்தும். வரம்புகளை மிதித்து மிதித்து மட்டமாக்குவோம். அந்த மைதானத்துக்கு மூன்று பக்கம்தான் கோடு போட்டோம். நான்காவது பக்கம் தண்ணீர். நிலமும் அந்தப் பக்கமாகவே சரிந்திருந்தது. ஏழடி உயரத்துக்கு எழும்பிய எந்தப் பந்தும் காற்றோடு கதைத்துப் பேசி ஆற்றுக்குள் போய்விடும்.

எங்களிடம் இருந்ததோ ஒரு பந்து. ஒன்றே ஒன்று. தோல் பந்து, உள்ளே பிளாடர், வாயில் கயிறு கட்டித் தைத்தது. நனைந்தால் பலாக்காய்ப் பாரம். தலையால் முட்டினால் அன்றைக்குப் படித்ததெல்லாம் மறந்துபோகும் (என் கணிதப் புள்ளிகளுக்கு இதைத்தான் நான் காரணம் சொல்வது). அதனால் ஊரில் ஒரு சட்டம் இருந்தது. யார் போட்டார்கள் என்று தெரியாது. பந்தை ஆற்றுக்குள் அடித்தவரே நீந்திப்போய் எடுத்து வரவேண்டும். அதுவரை ஆட்டம் நிற்கும். இருபத்தொரு பேர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கரையில் நின்று, நீங்கள் நீந்துவதைப் பார்ப்பார்கள். சும்மா பார்க்கமாட்டார்கள். உங்கள் நீச்சலைப் பற்றி, உதையைப் பற்றி, உங்கள் தாய்மாமன் வரைக்கும் கதை போகும்.

இப்படி ஒரு வருடம் நனைந்தால் எவனுக்கும் காலில் புத்தி வரும். பந்தை எழும்ப விடக்கூடாது. காலிலிருந்து காலுக்கு, குட்டையாக, நிலத்தைத் தடவினாற்போல் கொடுக்கவேண்டும். எங்களுக்குப் பயிற்றுநர் என்று ஒருவர் இருந்ததேயில்லை.

காத்தான்குடியிலிருந்து ஒரு அணி வந்தது நினைவுக்கு வருகிறது. வெள்ளைக் காலுறை, கறுப்புப் பூட்ஸ். நாங்கள் வெறுங்கால். அவர்களின் முன்னாட்டக்காரர் ஒரு உதை விட்டார், பாருங்கள். அப்படியொரு உதையை அதுவரை நாங்கள் கண்டதில்லை. பந்து மேகத்தைத் தொட்டுவிட்டு ஆற்றின் நடுவில் போய் விழுந்தது. நாங்கள் யாரும் அசையவில்லை. தவம்தான் கோல் கம்பிலிருந்து நடந்து வந்து, மிகவும் மரியாதையாக, அண்ணன் முறை வைத்துச் சொன்னான்:

“அடிச்சவர்தான் எடுக்கணும் நானா. எங்கட ஊர்ச் சட்டம்.”

“பூட்ஸோட எப்பிடி மச்சான் நீந்துற?”

“அத அடிக்கக்குள்ள யோசிச்சிருக்கணும்.”

அந்த மனிதர் கயிறவிழ்த்து, காலுறை கழற்றி, நீந்தினார். முதல் பாதியில் நான்கு முறை. இரண்டாம் பாதியில் அவருக்கு நடக்கவே தெம்பில்லை. வென்றோம். அந்த வருடம் வந்தவர்களையும் வென்றோம், போன இடங்களிலும் வென்றோம். வேலியும் சுவரும் உள்ள மைதானங்களில்கூட எங்கள் கால்கள் பக்கத்தில் ஆறு இருப்பதாக நினைத்தே ஆடின. செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்பின் அறியாதவர்கள் தேத்தண்ணி வாங்கித் தந்தார்கள். ஒருவர், “நம்மட நாட்டு அணிக்கு இவனுகள் பதினொரு பேரையும் அப்பிடியே அனுப்பினா என்ன?” என்றார். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நாங்கள் எத்தனையோ மாதம் உண்டோம், உடுத்தோம்.

இதில் என் பங்கு என்னவென்று கேட்பீர்கள். நான் இடதுபக்கப் பின்காவல். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. நடைமுறையில் எனக்கு ஒதுக்கப்பட்ட இடம் தண்ணீர். அணியிலேயே அதிகம் நீந்தியவன் நான்தான். என் கால் மட்டும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் பந்துக்காக நான் போகும்போது, ஆற்றில் தோணியை நிறுத்தி அத்தாங்கு வலையால் இறால் வாரிக்கொண்டிருக்கும் பூரணம் மாமி எழுந்து நின்று ஏசுவார்.

“வந்திட்டாரு மருமகன்! உன்ட பந்து விழுந்து விழுந்து ஒள்ளுப்பம் கிடந்த இறாலும் மட்டக்களப்புக்குப் போயிற்று. உனக்குக் காலா, உலக்கையா?”

ஏசிக்கொண்டே துடுப்பால் பந்தை என் பக்கம் தள்ளிவிடுவார். அந்தத் தள்ளலை நான் ஒருபோதும் யாருக்கும் சொன்னதில்லை. அதில் எனக்குப் பாதி நீச்சல் மிச்சமாகும்.

இனி வெட்கம் கெட்ட பகுதி. உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து அமைதி என்று சொல்லிக்கொண்ட ஒரு இடைவெளியில், ஊர்களுக்கு ஏதாவது செய்து தருகிறோம் என்று திட்டக்காரர்கள் சிலர் வந்தார்கள். என்ன வேண்டும் என்று எழுதிக் கேட்கச் சொன்னார்கள். ஊரில் எழுதத் தெரிந்தவன், அதாவது எழுதாமல் இருக்கத் தெரியாதவன், நான். ஆற்றுப்பக்கம் உயரமான கம்பிவலை வேலி வேண்டும் என்று எழுதினேன். பந்துகள் தொலைகின்றன என்றேன். அது மட்டும் காணாது என்று பட்டது. ஆற்றில் முதலை இருக்கிறது, விளையாடும் பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து என்று ஒரு பத்தி சேர்த்தேன். நல்ல பத்தி. வாலின் அசைவுகூட இருந்தது.

வாவியில் முதலை இல்லாமல் இல்லை. எங்கள் ஆற்றுத்துறையில் யாரும் கண்டதில்லை, அவ்வளவுதான். வேலிக்குத் தூண் நட்ட அன்று பூரணம் மாமி தோணியிலிருந்தபடி கேட்டார்:

“எந்த முதலை மகன்? நானும் கண் தெரிஞ்ச நாள்ல இருந்து இந்த ஆத்துல கிடக்கிறன். உன்னத் தவிர வேற முதலைய நான் காணல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நீந்தி அலுத்துப்போயிருந்தது. உண்மையான காரணம் அதுதான். அதை மட்டும் கடிதத்தில் எழுதவில்லை.

வேலி வந்தது. பந்து எவ்வளவு உயரம் போனாலும் வலையில் பட்டுத் திரும்பி வந்தது. பிறகு பத்துப் பந்து கொண்ட பை வந்தது. மீண்டும் சண்டை வந்தது. சிலர் மண்ணுக்குள் போனார்கள், சிலர் அரபு நாட்டுக்குப் போனார்கள். எங்கள் அணி விழுந்ததற்கு ஊர் சொல்லும் காரணம் இதுதான், பொய்யில்லை. ஆனால் எல்லாம் அடங்கிய பிறகு புதிதாக வந்த பிள்ளைகள் எங்களை விட உயரம், எங்களை விட வேகம். பூட்ஸ் உண்டு, சீருடை உண்டு. அந்தக் குட்டைப் பந்து மட்டும் திரும்பி வரவில்லை.

முறுக்கு முடிந்ததும் இதை நான் விறாந்தையில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. சொன்னால் சின்னதாகவா சொல்வேன்? நாடுகளுக்கும் இதுதான் கதை என்றேன். எவனுடைய அணியும் அவனை நெருக்கிய ஒன்றால் எழும்புகிறது. நெருக்கடி போனதும் விழுகிறது. குறுகிய ஒழுங்கையிலும் கடற்கரை மணலிலும் இடமில்லாமல் ஆடியவன் இடமெடுக்கப் படித்தான். ஒரு காலத்தில் உலகமே அஞ்சிய ஹங்கேரியை இன்று யார் நினைக்கிறார்? நான்கு தரம் உலகக் கிண்ணம் தூக்கிய இத்தாலி அடுத்தடுத்துத் தகுதி பெறாமல் வாசலிலேயே நின்றது. நம் நாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பட்டியலை அடியிலிருந்து வாசித்தால் சீக்கிரம் வருவோம்.

தவம் கதிரையில் இருந்தபடியே என் இந்தப் பந்தையும் பிடித்தான்.

“நிப்பாட்டு மச்சான். ஐஸ்லாந்துக்காரன்? குளிருக்குள்ள மைதானத்துக்குக் கூரை போட்டெலுவா எழும்பினான்? அவன் கூரை போட்டு எழும்ப, நாம வேலி போட்டு விழுந்தமா? உன்ட முதலை மாதிரித்தான் உன்ட கதையும்.”

அவன் கோல் விடாததற்குக் காரணம் இந்த மூளைதான். யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். கோழிக்குத் தீன் போடும்போதும் யோசித்தேன். மறுநாள் அவனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்: “அவன் ஆடுறதுக்குக் கூரை போட்டான்டா. நாங்க நனையாம இருக்கிறதுக்கு வேலி போட்ட.”

பதிலுக்கு டிலானியின் குரல் கேட்டது. தொலைபேசியைப் பறித்திருக்கிறாள். “அப்ப வேலியக் கழட்டுங்க மாமா. மூணு மாசம்தான் இரிக்கு.”

ஞாயிற்றுக்கிழமை கழகக் கூட்டம். வேலி துருப்பிடித்துவிட்டது, இன்னும் உயரமாகப் புது வேலி கேட்டுக் கடிதம் எழுதவேண்டும் என்பதுதான் அன்றைய விடயம். தலைவர் வழக்கம்போல் தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்தார். “அந்த முதலையையும் சேருங்க அண்ணன், போன தரம் அதான் வேலை செஞ்ச” என்றார்.

நான் எழும்பினேன். முதலை பொய் என்றேன். எழுதியவன் நான், எழுதியது என் சோம்பல் என்றேன். புது வேலிக்கு என் கை எழுதாது, பழையதைக் கழற்ற முதல் குறடு நான் பிடிப்பேன் என்றேன். கூட்டத்தில் பெரிய சத்தம். “பந்து போனா?” என்றார் தலைவர். பின்வரிசையில் இருந்த டிலானி எழுந்து நின்றாள். “போனா எடுக்கிற. நீந்தத் தெரிஞ்சாக்கள் மட்டும் என்னோட ஆடட்டும். மூணு மாசத்தால நானே நிண்டு வேலிய அடிச்சுத் தாறன்.” தலைவர் தாளையும் பேனையையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

நேற்று வலையைக் கழற்றினோம். துரு உள்ளங்கையெல்லாம் சிவப்பாக ஒட்டிக்கொண்டது. பின்னேரம் ஆட்டம் தொடங்கமுன் டிலானி மற்றப் பந்துகளைப் பைக்குள் போட்டு, பை வாயை இறுக்கிக் கட்டி, அதைக் கோட்டோரம் கதிரை போட்டிருந்த தகப்பனின் மடியில் கொண்டுபோய் வைத்தாள். ஒரு பந்துதான் வெளியே. முதல் கால் மணி நேரத்தில் மூன்று பிள்ளைகள் நனைந்தார்கள். பிறகு பந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. நிலத்தைத் தேடியது.

அத்தோடு நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். குட்டைப் பந்து எப்படிக் கொடுப்பது என்று காட்டுகிறேன் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பந்து என் காலில் பட்டு, முப்பது வருடத்துக்கு முந்திய அதே வளைவில், அழகாக எழும்பி ஆற்றுக்குள் விழுந்தது.

தவம் கதிரையில் குலுங்கினான். ஒரு பிள்ளை பையை அவிழ்க்கப் போனது.

“பையில கை வைக்காத!” என்றாள் டிலானி. இடுப்பில் கைவைத்து என் பக்கம் திரும்பினாள். “அடிச்சவர்தான் மாமா.”

இறங்கினேன். ஆட்டம் நின்றது. ஆழமாக இருந்த இடங்களில் இப்போது சேறு முழங்கால் வரை விழுங்குகிறது. பிளாஸ்டிக் போத்தல்கள் தோளில் முட்டின. ஆனாலும் நடுவில் நீந்தத்தான் வேண்டியிருந்தது. மூச்சிரைத்தது. பந்து காற்றோடு தள்ளிப் போனது, நானும் விடவில்லை. கரையிலிருந்து என் நீச்சலைப் பற்றிய அபிப்பிராயங்கள் வரத் தொடங்கியிருந்தன. அவை நன்றாகவே இருந்தன, குறை சொல்லமாட்டேன்.

பந்தைப் பிடித்து மார்போடு அணைத்தபோது அந்த மணம் வந்தது. கையும் காலும் தாமாகவே ஓய்ந்தன. எதற்கோ காத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

“சுணங்காதீங்க மாமா! ஆட்டம் நிக்குது!”

வாறன் என்று கையைக் காட்டினேன். காட்டிவிட்டும் இன்னும் ஒரு கணம் தண்ணீரில் மிதந்தேன். ஆறு வெறுமையாக, மினுமினுப்பாகக் கிடந்தது. மாமியின் தோணி இல்லை. எழுந்து நின்று ஏச ஒருவரும் இல்லை.