சலவைக்குறி போட்ட பட்டு

அண்ணன் போன பிறகு அவர் பீரோவை ஒழித்தபோது, கைக்குட்டை அளவில் ஒரு பட்டுத் துண்டு கிடைத்தது. விறைத்து, மஞ்சளேறி, ஒரு மூலையில் எங்கள் வீட்டுச் சலவைக்குறியோடு இருந்தது. மதினியிடம் கொடுப்பதா வேண்டாமா என்று எனக்கு ஒரே யோசனை. இந்தத் துண்டால்தான் அவள் ஒருநாள் பிறந்த வீட்டுக்கு, சிவகிரிக்கு, பெட்டி கட்டினாள்.

அறுபதுகளில் அண்ணன் தென்காசியில் ரேடியோ பழுது பார்த்தார். தரையில் நின்றபடி ரேடியோ அலையால் ஓட்டும் பொம்மை விமானம் உண்டு என்று எங்கோ படித்துவிட்டார். அவ்வளவுதான், மனிதர் காலி. பம்பாயிலிருந்த கூட்டாளி ஒருவர் இரண்டு விமானங்களின் படங்களை அனுப்பினார். ஒன்று அகன்ற சிறகோடு சாதுவாக மிதப்பது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு அதுதான் சரி என்றும் எழுதியிருந்தார். மற்றது ஜெட் வடிவம், மூக்கில் மட்டும் சின்னக் காற்றாடி. அண்ணன் ஜெட்டுக்கான வரைபடத்தையும் சாமான்களையும்தான் வரவழைத்தார். பிடிவாதத்தில் எங்கள் குடும்பத்தை யாரும் மிஞ்ச முடியாது. இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. ஊர் சிரிக்கும் என்று அப்போது அவர் வீட்டில் மூச்சுவிடவில்லை.

மதினி கண்டது வேறு. தனக்கு ஒரு நல்ல சேலை எடுத்துத் தராதவர், மெல்லிய வெள்ளைப் பட்டு வாங்கிப் பூட்டிய அறைக்குள் வைத்திருக்கிறார். சட்டையெல்லாம் வாழைப்பழ வாசனை. ஞாயிறானால் குற்றாலம், சீசன் முடிந்து அருவி வற்றிய மாசத்தில் அங்கே என்ன வேலை?

"ஏட்டி, எவளோ இருக்கா," என்றாள் என்னிடம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒருநாள் அறை திறந்து கிடந்தது. மதினி உள்ளே போய்ப் பட்டின் ஓரத்தில், வெளுத்தாலும் போகாத சேங்கொட்டை மையால் எங்கள் வீட்டுக் குறியைப் போட்டுவிட்டாள். எவள் உடுத்தினாலும் என்றாவது வெளுப்புக்குப் போட்டுத்தானே ஆகவேண்டும், அப்போது குறியைப் பார்த்து நம் வீட்டுக்கே வரும் என்பது அவள் கணக்கு.

வந்தது. எங்களுக்குத் துணி வெளுக்கும் அண்ணாச்சிதான் கொண்டுவந்தார். "குத்தாலத்துக்குக் கீழ ஆத்தங்கரைப் பொதர்ல கெடந்துச்சு தாயி. குறியப் பாத்தா நம்ம வீடு." கிழிந்த பட்டு. மதினி பெட்டியை இறக்கிச் சேலைகளை அடுக்கினாள்.

அண்ணன் வந்து பட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. "றெக்கை கெடைச்சிட்டா? மத்ததெல்லாம் எங்க?" என்றார். அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தார். அறையைத் திறந்து, வரைபடம், பஞ்சுபோல் எடையில்லாத பால்சா மரத் துணுக்குகள், இறக்கைமேல் ஒட்டிய பட்டை விறைக்க வைக்கும் வாழைப்பழ வாசனைப் பூச்சு எல்லாவற்றையும் காட்டினார். ஞாயிறுதோறும் குற்றாலத்தில் இடம் பார்த்து, ரேடியோவைச் சோதித்து, கடைசியில் பறக்கவிட்ட முதல் தடவையே கைமீறிவிட்டதாம். ஒரே பொத்தான், ஒரு அமுக்கு வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம். பதற்றத்தில் வரிசை தப்பி, ஜெட் மலைப்பக்கம் போய்விட்டது.

"இன்னொண்ணு செஞ்சி என் கண்ணு முன்னால பறக்கவிட்டுக் காட்டுங்க," என்றாள் மதினி.

"நம்பாதவளுக்கு என்னத்தக் காட்ட?"

அன்றே அறையைக் காலி செய்தார். பிறகு எந்த விமானத்தையும் அவர் தொடவில்லை. மதினி சிவகிரிக்குப் போகவுமில்லை. இருவரும் அந்தப் பேச்சை ஆயுசுக்கும் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் ஆற்றாமையாக இருந்தது.

கடைசியில் துண்டைக் கொடுத்துவிட்டேன். மதினி அதை முகர்ந்து பார்த்தாள். வாசனை எப்போதோ போயிருந்தது.

"அவுக சொன்னது நெசந்தானாட்டி?"

"நெசந்தான் மதினி."

"பறந்தத நீ பாத்தியா?"

இல்லை என்றேன். அவள் துண்டை மடித்துத் தன் சேலைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.