வலிக்காத நெஞ்சு

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, என் மனைவி சாரதாவை இருதயப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அவளுக்குப் பத்து வருடமாக இனிப்பு நீர் வியாதி. தினமும் ஊசி போட்டுக்கொள்வாள்.

"நெஞ்சு வலிக்கிறவங்க எடுக்கட்டும்லா. கல்யாணத்துக்கு அப்புறம் என் மூஞ்சியையே நீங்க படம் எடுக்கல, இப்ப நெஞ்சை எடுக்கணுமாக்கும்," என்றாள். நானும் சிரித்தேன். வலிதான் இல்லையே என்று விட்டுவிட்டோம்.

தீபாவளிக்கு முந்திய வாரம், ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் துணி வாங்கிக்கொண்டு காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியவள், வியர்த்துக் கொட்டி நாற்காலியில் சாய்ந்தாள்.

"சீனி இறங்கிடுச்சு போல. தேத்தண்ணி கலக்குங்க," என்றாள்.

ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ரத்தத்தில் சீனி குறைந்தால் அப்படி வியர்ப்பது உண்டு. சீனியை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். சரியாகிவிடும் என்று முக்கால் மணி நேரம் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் டாக்சிக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

இருதய அடைப்பு என்றார் டாக்டர். இனிப்பு நீர் வியாதிக்காரர்கள் சிலருக்கு நெஞ்சு வலி தெரியாமலே போகுமாம். அதற்காகத்தான் படம் எடுக்கச் சொன்னாராம். எடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார்.

இப்போது என் மகளுக்கும் இதே வியாதி. அவளுக்கு வியர்த்தால் இனிப்பும் கொடுக்கிறேன், உடனே டாக்சிக்கும் ஆள் அனுப்புகிறேன். டாக்டர் சொல்லும்போதெல்லாம் இருதயப் படம் எடுக்க அழைத்துப் போகிறேன். போன மாதம் அவள், "எனக்குத்தான் நெஞ்சே வலிக்கலையேப்பா," என்றாள்.

"உங்கம்மாவுக்கும் வலிக்கலம்மா," என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.