புயலுக்குக் கடைசி நாள்

உங்கள் பெயரை உங்களுக்கு வைத்தது யார்? அப்பா, அம்மா என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் வாயால் சொன்னார்கள். பேனாவைப் பிடித்தது யார்? சொன்னபடிதான் எழுதினாரா? இதை ஒருநாளும் யோசித்துப் பார்க்காதவர்கள் ஒரு முத்திரைக்காரரின் கதையைக் கேட்டே ஆக வேண்டும்.

ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர் அவர். ஜன்னலோரம் ஒரு மேசை, கழுத்து வளைந்த விளக்கு, நகத்தைவிட மெல்லிய ஒரு கத்தி. கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத்துகளைத் திருப்பி அமைப்பதும் பிசிறு வெட்டுவதும் தொழில். நேராக இருக்கும் எழுத்தைவிடத் திரும்பியும் தலைகீழாகவும் இருப்பதுதான் அவர் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும். யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். கடையில் அவரைச் 'சரிங்க' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கும் சரிங்க என்றார்.

மனைவி நேர் எதிர். பேருந்து நடத்துநர். அவர் குரல் கொடுத்தால் பின்படிக்கட்டில் தொங்குகிறவனும் உள்ளே ஏறிவிடுவான். பெண் குழந்தை பிறந்த மூன்றாம் நாளே பெயரைச் சொல்லிவிட்டார்: புயல்.

"பொண்ணுக்கா?" என்று கேட்டார் இவர்.

"பொண்ணுக்குத்தான். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை 'மெதுவா'. மெதுவா நட, மெதுவா பேசு, மெதுவா சிரி. இவகிட்ட அதைச் சொல்றவங்க சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்."

அவர் இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். உண்மையாகவே பிடித்திருந்தது.

ஊருக்குப் பிடிக்கவில்லை. "வானிலை அறிக்கையில உன் பொண்ணு பேரு வருதேப்பா, எந்தப் பக்கம் கரையைக் கடக்கப் போறாளாம்?" என்றார் கடை முதலாளி. தடுப்பூசி போட்ட செவிலியர் பெயர் கேட்டார். புயல் என்றதும், "வீட்ல கூப்பிடுற பேரு இல்லைங்க, நிஜப் பேரைச் சொல்லுங்க," என்றார். மாடிவீட்டுக்காரர் தன் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டே, "இனிமே துணி காயப்போடப் பயமா இருக்கு," என்று தினமும் ஒரே நகைச்சுவையைச் சொன்னார்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். அக்காவைத் தாங்குவதுதான் கடினம். பெற்றோர் போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவர் அக்கா.

"நாளைக்கு இவளை எவன்டா கட்டுவான்? புயலைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக எவனுக்குத் தைரியம் வரும்? தென்றல்னு வை. அதுவும் காத்துதானே?"

இந்த வாதத்தை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். தென்றலும் காற்று, புயலும் காற்று. வேகம்தான் வேறு. ஆண்பிள்ளைக்கு வேங்கை என்று வையுங்கள், இடி என்றுகூட வையுங்கள். வீரமான பெயர் என்று முதுகில் தட்டுவார்கள். பெண்ணுக்கு மட்டும் காற்றுகூட மெல்ல வீச வேண்டும். பெயர்தான் ஒருவரின் வாழ்க்கையை முடிவு செய்யும் என்றால், வெற்றி என்று பெயர் கொண்ட ஒருவரும் தேர்வில் தோற்றிருக்கக் கூடாது. இவர்களுடைய பயம் காற்றைப் பற்றியதே அல்ல. சத்தம் போடும் பெண்ணைப் பற்றியது.

அக்காவிடம் அவர் இதைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

பெயரைப் பதிவேட்டில் சேர்க்க அந்த ஊரில் குழந்தைக்கு ஒரு வயது நிறையும்வரை அவகாசம் உண்டு. தாண்டினால் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். அவர் பதிவு அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். முதல் முறை, "நல்லா யோசிச்சுட்டு வாங்க," என்றார் எழுத்தர். இரண்டாம் முறை, "வீட்ல பெரியவங்களைக் கலந்துக்கிட்டு வாங்க." மூன்றாம் முறை, "இன்னும் மாறலையா? போயிட்டு வாங்க." மூன்று முறையும் சரிங்க என்று திரும்பினார். அப்படியே கடைசி நாள் வந்து நின்றது.

அன்று காலை சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி மனைவி சொன்னார்: "வேற பேரை எழுதிக்கிட்டு வந்தீங்கன்னா நான் சண்டை போட மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் நீங்க என்கிட்ட எதுக்குச் சரின்னு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அவ்வளவுதான்."

சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

பதிவு அலுவலகத்தில் அவர் முறை வந்தபோது மணி மூன்றரை. நான்கு மணிக்குக் கண்ணாடிக் கதவை இறக்கிவிடுவார்கள். பின்னால் பன்னிரண்டு பேர். மின்விசிறி சுற்றும்போதெல்லாம் பதிவேட்டின் பக்கங்கள் படபடத்தன. எழுத்தர் மர அளவுகோலை வைத்து அமுக்கியிருந்தார். முதலில் பென்சிலால் எழுதுவது, பெற்றவரிடம் கையெழுத்து வாங்குவது, பிறகு பென்சிலின் மேல் மையால் எழுதுவது. இதுதான் அங்கே வழக்கம். பிழை நேர்ந்தால் அழிக்கலாம் என்பதற்காகத் தொடங்கியது. எது பிழை என்று முடிவு செய்வது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"பேரு?"

"புயல், சார்."

எழுத்தர் சிரித்தார். வழக்கமான கேள்வி எதுவும் கேட்கவில்லை. சரசரவென்று எழுதினார். கோலை அந்த வரியின் மேல் பாதி மறையும்படி நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் விரலை வைத்தார். "இங்க போடுங்க."

அவர் பேனாவை எடுத்தார். கோலுக்குக் கீழே எழுத்துகளின் பாதிதான் தெரிந்தது, அதுவும் தலைகீழாக. அந்தக் கண்ணுக்கு அது போதும். தென்றல்.

பேனா நின்றது.

"சார், வேற பேரு எழுதியிருக்கு."

"அங்கிருந்து உங்களுக்குத் தெரியாதுங்க. போடுங்க."

"தென்றல்னு எழுதியிருக்கு, சார்."

எழுத்தர் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்கா காலையில வந்தாங்க. இன்னிக்குக் கடைசி நாள்னு சொல்லி அழுதாங்க. எழுதிடுங்க, தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டான்னாங்க. உங்க நல்லதுக்குத்தான். ஸ்கூல்ல பசங்க கேலி பண்ணும்போது என்னைத்தான் நினைச்சுப்பீங்க."

அக்கா வந்ததுகூட அவருக்கு வலிக்கவில்லை. ஒண்ணும் சொல்ல மாட்டான் என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. பார்வையை இறக்கினார். அதே பக்கத்தில் மேலே நான்கைந்து வரிகளில் காகிதம் ரப்பரால் தேய்ந்து மெலிந்திருந்தது. தேய்ந்த இடத்தில் எல்லாம் அடக்க ஒடுக்கமான பெயர்கள்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லித் தொலைங்க சார், நாலு மணிக்குக் கதவை இறக்கிடுவான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"புயலோ மழையோ, குடையை மடக்கிட்டு நகருங்கப்பா." வரிசை சிரித்தது.

மணி மூன்று நாற்பது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க பொண்ணு பேரு புயல், சார். அதை எழுதுங்க."

"இந்த மாதிரிப் பேரையெல்லாம் பதிய முடியாது."

"எந்த விதியில இருக்கு?"

"விதி எதுக்குய்யா? பார்த்தாலே தெரியலையா?"

"அப்ப மறுத்துடுங்க."

எழுத்தருக்கு முகம் மலர்ந்தது. "அப்படி வாங்க வழிக்கு. அடுத்தது யாரு?"

அவர் நகரவில்லை. "வாயால இல்லை, சார். உங்க இடதுபக்க டிராயர்ல நீலக் கைப்பிடி போட்ட முத்திரை ஒண்ணு இருக்கும். 'மறுக்கப்பட்டது'ன்னு ஒரு வரி, அதுக்குக் கீழே 'காரணம்'னு போட்டு ஒரு கோடு. போன வருஷம் நான்தான் செஞ்சேன். கோடு ரெண்டு அங்குலம் வேணும்னு உங்க அலுவலகத்துலேருந்துதான் எழுதிக் கொடுத்தாங்க. அதைக் குத்தி, கோட்டுமேல காரணத்தை எழுதி, உங்க கையெழுத்தைப் போட்டுக் கொடுங்க. நான் போயிடறேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. எழுத்தர் டிராயரைத் திறந்தார். முத்திரை இருந்தது. ரப்பர் இன்னும் புதுசாக, ஒரு பொட்டு மைகூடப் படாமல் இருந்தது. ஓராண்டில் அந்த அலுவலகம் ஒருவரையும் மறுக்கவில்லை. எல்லாரையும் யோசித்துவிட்டு வரச் சொல்லியே திருப்பி அனுப்பியிருந்தது.

எழுத்தர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அந்த இரண்டு அங்குலத்தில் என்ன எழுதுவார்? 'பெண்ணுக்குப் பொருந்தாது' என்றா? எழுதிக் கீழே தன் பெயரையும் போடுவாரா? கடைசியில் முத்திரையை உள்ளே போட்டு, டிராயரை இடித்து மூடினார். ரப்பரை எடுத்து அழித்தார். எழுதினார்.

முத்திரைக்காரர் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்டும் நகரவில்லை. பென்சிலின் மேல் மை ஏறும்வரை, சான்றிதழ் கைக்கு வரும்வரை நின்றார்.

வாசற்படியில் அக்கா காத்திருந்தார்.

"முடிஞ்சுதாடா?"

"முடிஞ்சுது அக்கா. புயல்தான்."

"எனக்காக ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்க முடியலை, இல்ல?"

"நீ என்கிட்டச் சண்டை போட்டிருக்கலாம் அக்கா. எனக்குத் தெரியாம அவர்கிட்டப் போனியே."

"நாளைக்கு அவ அழுதுக்கிட்டு வரும்போது என்கிட்ட வராதே," என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனார். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் தானே அழுதிருப்பார். மறுநாள் குழந்தையின் பிறந்தநாளுக்கு அக்கா வரவில்லை. இன்றுவரை வரவில்லை. நியாயம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்து தருவதில்லை.

ஆனால் படியில் நின்ற அந்த நேரத்தில் அவர் காதில் வேறொரு பேச்சு விழுந்தது. உள்ளே, அவருக்குப் பின்னால் நின்ற இளம் தாயிடம் எழுத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்னம்மா பேரு இது? வீட்ல யோசிச்சுட்டு வாங்க." அந்தப் பெண் தாளை மடிக்கத் தொடங்கியிருந்தாள்.

அவர் திரும்ப உள்ளே போனார். கதவை இறக்க ஐந்து நிமிடம் இருந்தது. அவள் பக்கத்தில் நின்று, "காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லும்மா, நான் இங்கேயே நிக்கறேன்," என்றார்.

அவர் ஒரே ஒரு ஆள், அதுவும் ஒரே ஒரு அலுவலகத்தில். மற்ற வரிசைகளில் நிற்பது நீங்கள்தான். உங்களுக்கு முன்னால் நிற்பவரை யாராவது வெறும் வாய்ச்சொல்லால் திருப்பி அனுப்பும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், சிரிக்காதீர்கள். ஓரடி முன்னால் வந்து அவர் பக்கத்தில் நில்லுங்கள்.