கரண்டு நிற்கும் நாள்

வெண்ணந்தூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது. தறி போடும் சத்தத்தில் பக்கத்து ஆளிடம் தண்ணீர் கேட்கவே கத்தியாக வேண்டும். செல்லியம்மாள் அதிலும் ஒரு படி மேலே. அவள் வீட்டுக்குள் ரகசியம் பேசினால் முக்குக் கடையில் டீ குடிப்பவர்கள் பதில் சொல்வார்கள்.

அவள் கணவர் பச்சமுத்து இரும ஆரம்பித்து ரொம்ப நாளாகியிருந்தது. கேட்டால் பஞ்சுத் தூசி என்பார். அவரோடு ஒரே தறிப் பட்டறையில் வேலை பார்த்த ராசம்மாளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். காசநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. கணவர் இருமும்போதெல்லாம் செல்லியம்மாளுக்கு ராசம்மாளின் பாடைதான் நினைவுக்கு வந்தது.

காசநோய் கண்டுபிடிக்க நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் அரசு வண்டி அந்த ஊருக்கு வராமல் இல்லை. வேலை நாளில் வந்து பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கும். நெய்த துணியின் மீட்டருக்குத்தான் கூலி என்று இருப்பவர்கள் தறியை நிறுத்திவிட்டு யார் போவார்கள்? ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும். அன்று வண்டிக்கும் விடுமுறை.

கிராம சபையில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் மைதிலி வருத்தப்பட்டுப் பேசினார். "வண்டி வந்தும் தறிக்காரங்க யாரும் எட்டிப் பாக்கலை. உங்க உடம்பு மேல உங்களுக்கே அக்கறை வேணாமா?"

செல்லியம்மாள் எழுந்தாள். மைக்கை யாரும் நீட்டவில்லை, தேவையும் இல்லை.

"அக்கறை இல்லாம இல்லீங்க டாக்டரம்மா. தறி ஓடற அன்னைக்கு எப்படீங்க வாரது? மாசமொருக்கா பராமரிப்புன்னு கரண்ட நிறுத்தறாங்கல்ல, அன்னைக்கு ஊரே சும்மாதான ஒக்காந்திருக்குது. அன்னைக்கு உடுங்க வண்டிய. பட்டறை வீதிக்கே உடுங்க!"

"கரண்டு இல்லாம படம் எப்புடிக்கா புடிப்பாங்க?" என்று யாரோ கேட்க, சபை சிரித்தது.

மைதிலி சிரிக்கவில்லை. "வண்டியிலயே ஜெனரேட்டர் இருக்கு" என்றவர், அங்கேயே தீர்மானம் எழுத வைத்தார். பிறகு மாவட்ட அலுவலகத்துக்கும் மின்வாரியத்துக்கும் அலையாய் அலைந்து, இரண்டு தேதியும் ஒன்றாக வரும்படி செய்தார். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் அப்படி?

வண்டி வந்தது. வீதியில் ஒரு ஈ காக்கை இல்லை. வரிசையில் நிற்பதை யாராவது பார்த்தால், காசநோய் வீடு என்று பேராகிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்ற பயம். பச்சமுத்துவும் வாசற்படியிலேயே நின்றார்.

"நீ முன்னால போ. பொறவு வாரேன்."

அவரை இழுத்துப் போவதற்காகவே அவள் முதலில் ஏறினாள். அவர் பின்னாலேயே ஏறினார். அதைப் பார்த்து ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

பச்சமுத்துவின் நெஞ்சு சுத்தமாக இருந்தது. வெறும் தூசி இருமல்தான். நிழல் விழுந்திருந்தது செல்லியம்மாளின் படத்தில். சளிப் பரிசோதனையும் அதையே சொன்னது.

"எனக்கு இருமலே இல்லீங்களே!"

"சிலருக்கு அப்படித்தான்ம்மா. ஆரம்பத்துலயே புடிச்சுட்டோம். மாத்திரைய விடாம சாப்பிட்டா சரியாயிரும்" என்றார் மைதிலி.

அன்றைக்குத்தான் செல்லியம்மாள் மெதுவாகப் பேசினாள். "வெளிய தெரியாம பாத்துக்கோங்க சாமி. எம்பொண்ணு கிருத்திகாவுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறோம்."

பச்சமுத்து வேளை தவறாமல் மாத்திரையும் முட்டையும் எடுத்துக் கொடுத்தார். மாதங்கள் போயின. நோய் இல்லை என்று மறு பரிசோதனையில் வந்த நாளில், செல்லியம்மாள் பெற்ற தாயைக் கும்பிடுவதுபோல மைதிலியைக் கும்பிட்டாள்.

அடுத்த கிராம சபையில் அவள் எழுந்ததும், இன்றைக்கு என்ன கேட்கப் போகிறாளோ என்று தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். செல்லியம்மாள் ஒருமுறை மகளைப் பார்த்தாள். கிருத்திகா தலையாட்டினாள்.

"கேக்கறதுக்கு ஒன்னுமில்லீங்க. அந்தச் சீக்கு எனக்குத்தானுங்க இருந்துச்சு. மாத்திரை தின்னேன், இப்ப இல்லீங்க. வண்டி வராம போயிருந்தா நானும் ராசம்மா போன வழிதான். டாக்டரம்மா, நீங்க நல்லா இருக்கோணும்."

பின்வரிசையில், கல்யாண வயதுப் பெண்ணோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து, அடுத்து கரண்டை என்றைக்கு நிறுத்துவார்கள் என்று கேட்டாள்.